1942 கதையில் இன்ஸ்பெக்டர் கையில் எந்தத் துப்பாக்கி?

உங்கள் கதையில் இன்ஸ்பெக்டரின் துப்பாக்கியை ரிவால்வர் என்று மாற்றுங்கள். 1942இல் கிருஷ்ணகிரி இன்ஸ்பெக்டர் இடைவிடாமல் பதினைந்து முறை சுடுகிறார், காலித் தோட்டாக்கள் தரையில் தெறிக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இடறுவது அங்கேதான். சுடச்சுடக் காலி உறைகளை வெளியே தள்ளுவது பிஸ்டல், ரிவால்வர் அல்ல.

இன்றைய சினிமாவில் பார்த்த கிளாக் பிஸ்டல் உங்கள் மனதில் பதிந்திருக்கலாம். பிளாஸ்டிக் உடலும் 17 தோட்டா அடங்கும் மேகசினும் (தோட்டாப் பெட்டியும்) கொண்ட அதை ஆஸ்திரிய ராணுவம் ஏற்றதே 1982இல்தான். அமெரிக்கப் போலீஸ்காரர்கள் ரிவால்வரை விட்டுப் பெருவாரியாகப் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

உங்கள் கதைக்கு வெப்லி என்ற பிரிட்டிஷ் ரிவால்வர் பொருந்தும். ஆறு தோட்டாதான். சுட்டபின் காலி உறைகள் சுழலும் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்தால் ஆறும் ஒன்றாக வெளியே வரும். அப்புறம் புதிதாக நிரப்ப வேண்டும். அந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள், உங்கள் நாயகன் தப்பி ஓட அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

காட்சியை ஒருமுறை படித்து, குண்டுகளை விரல்விட்டு எண்ணுங்கள். மறுபடி நிரப்புவதற்கு முன் ஏழாவது வந்தால் வெட்டுங்கள்.

ஒன்று, அந்தக் காலத்தில் பிஸ்டலே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1911இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டலால்தான். 1935இல் வந்த பிரவுனிங் ஹை பவர் பிஸ்டலில் 13 தோட்டா. ஆனாலும் சாதாரண இன்ஸ்பெக்டர் கையில் அதைக் கொடுத்தால் கதைக்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.

அப்படியே ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்பதையும் ‘சேலம் ஜில்லா’ ஆக்கிவிடுங்கள். சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல்.