சிறுதொழில்களுக்கு அரசு தரும் அங்கீகாரம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சிறுதொழில்களுக்கென உலக அளவில் ஒரு நாள் அறிவிக்கப்பட்டிருக்கிறதா?

பதில்: ஆம். ஜூன் 27ஆம் நாளைக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்குரிய நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2017 ஏப்ரலில் அறிவித்தது. அமெரிக்காவில் 1963 முதலே சிறுதொழில் வாரம் அதிபரின் பிரகடனத்தோடு கொண்டாடப்பட்டு வருகிறது.

கேள்வி: இத்தகைய அறிவிப்புகளால் தொழில் நடத்துபவருக்கு என்ன கிடைக்கிறது?

பதில்: அறிவிப்பினால் மட்டும் எந்தச் சட்ட உரிமையும் பிறப்பதில்லை. ஆயினும் அமைச்சரும் அதிகாரிகளும் அன்று சிறுதொழில் செய்வோர் முன்னால் வந்து நிற்க வேண்டியிருப்பதால், கோரிக்கையை எழுத்தில் தயாராக வைத்திருக்கும் சங்கத்துக்கு அது நல்ல வாய்ப்பு. பொன்னாடையோடு திரும்பும் சங்கங்களே அதிகம் என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஒரு நிறுவனம் சிறியதா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பணியாளர் 10 பேருக்குக் குறைவாகவும், ஆண்டு விற்றுமுதலோ சொத்து மதிப்போ 20 லட்சம் யூரோவுக்கு மிகாமலும் இருந்தால் அது குறு நிறுவனம்; 50 பேருக்குக் குறைவு, 1 கோடி யூரோ என்பது சிறு நிறுவனத்தின் வரம்பு. பெரிய நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டில் இருந்தால் அதன் ஆட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். இல்லையேல் சலுகைகளைப் பினாமிகளே அள்ளிக்கொண்டு போவார்கள்.

கேள்வி: சமூகத்துக்குச் சிறுதொழில்களால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது வெறும் புகழ்ச்சியா?

பதில்: உலகத் தொழில் நிறுவனங்களில் சுமார் 90 விழுக்காடும், வேலைவாய்ப்பில் 60 முதல் 70 விழுக்காடும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களைச் சார்ந்தவை என்று ஐ.நா. கூறுகிறது. சான்றிதழ் இல்லாதவரையும் வேலைக்குச் சேர்த்துத் தொழில் பழக்குவது பெரும்பாலும் சிறு பட்டறைதான். ஆனால் சம்பளம் பெரிய நிறுவனங்களைவிடப் பொதுவாகக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது.

கேள்வி: அப்படியானால், அரசிடம் நாங்கள் எதைக் கேட்பது?

பதில்: பாராட்டுப் பத்திரத்துக்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள். முதலாவது, அரசுக் கொள்முதலில் பங்கு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தன் நேரடி ஒப்பந்தங்களின் மதிப்பில் 23 விழுக்காட்டைச் சிறுதொழில்களுக்கு வழங்குவதைச் சட்டப்படியான இலக்காக வைத்திருக்கிறது. இரண்டாவது, அதைவிட முக்கியமானது, பில்லுக்கு உரிய காலத்தில் பணம். அரசு அலுவலகத்துக்குப் படிவங்களை அச்சடித்துக் கொடுத்த ஓர் அச்சகம், காகிதக் கடைக்கும் கூலிக்கும் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பல மாதம் காத்திருக்குமானால், உண்மையில் அது அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை, பொதுத்துறை அமைப்புகள் பொதுவாக 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் நினைவூட்டுக் கடிதம் எழுதாமலேயே வட்டி ஏறத் தொடங்கும். வசூல் செலவுக்காகக் குறைந்தது 40 யூரோவும் தனியாகக் கோரலாம்.