பூனை மீசை வைத்த மகள்

கேள்வி: என் மகள் பெய்ஜிங்கில் முதுகலை படிக்கிறாள். அனுப்பும் படங்களிலெல்லாம் துணி முகக்கவசம்தான். ஒருநாள் பூனை மீசை, ஒருநாள் பாண்டா, ஒருநாள் இளிக்கும் பல்வரிசை. உடம்புக்கு என்ன என்று கேட்டால் சிரிக்கிறாள். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?
- வாசகி, ஈரோடு

பதில்: விட்டுவிடுங்கள் அம்மா. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு.

அங்கே முகக்கவசம் போட்டவரெல்லாம் நோயாளி இல்லை. பெய்ஜிங்கின் குளிர்காற்று கன்னத்தை அறுக்கும். வசந்தத்தில் கோபிப் பாலைவனப் பக்கமிருந்து மஞ்சள் புழுதி வரும். சைக்கிளில் போகிறவர்கள் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது பழைய வழக்கம். எப்படியும் மாட்டத்தான் வேண்டும் என்றால் வெள்ளையாகவே ஏன் மாட்ட வேண்டும் என்று இருபது வயதுக்குத் தோன்றாதா? முகப்பரு எட்டிப் பார்த்த அன்று அது நல்ல திரையும்கூட.

அங்கே முகக்கவச வழக்கத்தின் தொடக்கம் மட்டும் விளையாட்டல்ல. 1910-11இல் சீனத்தின் வடகிழக்கே மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியென்-தே, மெல்லிய துணிக்குள் பஞ்சு வைத்த கவசத்தை எல்லோரையும் அணியச் சொன்னார். கேட்காமல் நோயாளிகளைப் பார்க்கப் போன பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் இறந்தார்.

கிருமிக்கு அடுத்துப் புகை. 2013 ஜனவரியில் ஒருநாள் பெய்ஜிங் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் கனமீட்டருக்கு 700 மைக்ரோகிராமைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் ஒருநாள் சராசரிக்கு அப்போது வைத்திருந்த வரம்பு 25. பிறகு காற்று எவ்வளவோ தேறிவிட்டது: அந்த ஆண்டின் சராசரி ஏறத்தாழ 90, 2020இல் 38. ஆனாலும் புகைமூட்ட நாட்கள் அடியோடு போய்விடவில்லை.

அந்த நாட்களில் பூனை உதவாது. என்னிடமும் ஒரு பாண்டா இருக்கிறது, தோழி கொடுத்தது. மாட்டிக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் மூக்குக்கண்ணாடி ஆவி பிடித்துவிட்டது. மூச்சு மூக்கோரத்து இடைவெளியில் தாராளமாகப் போய்வருகிறது என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? புகையும் அதே வழியில்தான் உள்ளே வரும்.

எனவே மீசையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "கேஎன்95 வைத்திருக்கிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். மூக்கின் மேல் கம்பி வளைத்து, முகத்தோடு ஒட்டி நிற்கும் வகை அது. சரியாக அணிந்தால் நுண்துகளில் 95 விழுக்காட்டைத் தடுக்கும். புகை நாளில் அதை மாட்டட்டும். படம் எடுக்கும்போது பூனையை அதன் மேல் போட்டுக்கொள்ளட்டும்.

விடுமுறைக்கு வரும்போது உங்களுக்கும் ஒன்று வாங்கிவரச் சொல்லலாம். பல்வரிசை மட்டும் வேண்டாம்.