ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டம்) நிதியைக் குறைப்பதால் பிள்ளைகளின் தெரபி உண்மையில் பாதிக்கப்படுகிறதா?

பாதிக்கப்படுகிறது. ஆனால் "உங்களுக்குக் குறைத்துவிட்டோம்" என்று கடிதம் எதுவும் வராது. அதனால்தான் பலருக்குப் புரிவதில்லை.

எங்கள் மகனுக்கு ஏழு வயது, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் தசை இயக்கம் தடைபடும் நிலை). சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கிறோம். தெரபிஸ்ட்கள் எவ்வளவு வாங்கலாம் என்ற என்.டி.ஐ.எஸ். கட்டணப் பட்டியல் 2025 ஜூலை 1 அன்று மாறியது. இங்கே பிசியோவுக்கு மணிக்கு அதிகபட்சம் 193.99 டாலராக இருந்தது 183.99 ஆனது. ஓ.டி.க்கும் (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்கான தெரபி) பேச்சுப் பயிற்சிக்கும் பழைய 193.99தான், 2019இலிருந்து ஒரு காசு ஏறவில்லை. எங்களை அடித்தது அந்தப் பத்து டாலர் இல்லை. தெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் பயண நேரத்துக்கு இனி பாதிக் கட்டணம்தான். அரை மணி நேரம் காரோட்டி வந்தால் 97 டாலர் பில் போட்டவர், இப்போது 48 சொச்சம்தான் போட முடியும்.

அரசு தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயணக் காசும் பிள்ளையின் பிளானிலிருந்துதான் (அவனுக்கென்று திட்டம் ஒதுக்கும் தொகை) போகிறது. அது குறைந்தால் தெரபிக்கு மிஞ்சும். கணக்கு சரிதான். ஆனால் ஆகஸ்டில் எங்கள் ஓ.டி. தெரபிஸ்ட்டிடமிருந்து மெயில் வந்தது: இனி வீட்டுக்கு வர இயலாது, கிளினிக்குக்கு வாருங்கள். அவரை நொந்து பயனில்லை. பாதிச் சம்பளத்துக்கு எம்4 நெடுஞ்சாலை நெரிசலில் யார் நிற்பார்கள்?

வீட்டுக்கு வந்தால் என்ன, கிளினிக் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் தடவை அவர் வந்தது இரவுச் சாப்பாட்டு நேரத்தில். பையன் ரசம் சாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிளானில் எழுதியிருந்த இலக்கு "கரண்டியால் தானே சாப்பிடுதல்". அவர் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இவன் கையால்தானே சாப்பிடுகிறான், கரண்டி எதற்கு?" என்றார். விளிம்பு உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத விரிப்பு, சாதத்தைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைவது, இடது கை தட்டைப் பிடிப்பது. இவ்வளவுதான் மாற்றம். மூன்று மாதத்தில் பாதித் தட்டு அவனே சாப்பிட்டான். கிளினிக்கில் இப்போது பிளாஸ்டிக் கரண்டியும் தயிர்க் கிண்ணமும்தான் கொடுக்கிறார்கள். பள்ளி விட்ட பிறகான நேரமெல்லாம் நிரம்பிவிட்டதால் புதன் காலை பதினொரு மணிக்குப் போகிறோம். மனைவிக்கு அரை நாள் லீவு, பையனுக்கு அரை நாள் பள்ளி போச்சு.

இன்னொன்று, பிளான் பணம் இப்போது பெரும்பாலும் மூன்று மாதத் தவணையாகத் திறக்கிறது. செலவாகாதது அடுத்த தவணைக்குப் போகும், அடுத்த தவணைப் பணத்தை முன்கூட்டி எடுக்க முடியாது. பையனின் கெண்டைக்கால் தசை இறுக்கத்தைத் தளர்த்த போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். அதன் பலன் சுமார் மூன்று மாதம். அந்த வாரங்களில்தான் பிசியோ அடிக்கடி வேண்டும். ஊசி தவணையின் கடைசி மாதத்தில் விழுந்தால் கையில் காசு இருக்காது. எங்களுக்கு அப்படித்தான் விழுந்தது. நாலு தடவை கைக்காசு போட்டோம். மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிறதே என்பார்கள். ஜி.பி. (குடும்ப மருத்துவர்) எழுதிக்கொடுத்தால் பிசியோ, ஓ.டி., பேச்சு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஐந்து தடவை. அதிலும் வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும்.

பிளானில் மணி நேரம் குறைந்து வந்தால் சும்மா இருக்காதீர்கள். முடிவு வந்த மூன்று மாதத்துக்குள் என்.டி.ஐ.எஸ்.ஸிடமே உள் மறுஆய்வு கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. "நல்ல முன்னேற்றம்" என்று மட்டும் தெரபிஸ்டை ரிப்போர்ட் எழுதவிடாதீர்கள், அதையே காரணம் காட்டி வெட்டுவார்கள். தெரபி நின்ற வாரங்களில் என்ன பின்வாங்கியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். (தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டமே கிடையாது. நம் ஆட்களில் எத்தனையோ பேர் முழுக் காசும் கையிலிருந்து கட்டுகிறார்கள். அவர்கள் முன்னால் இதைப் புலம்பவே கூச்சமாக இருக்கிறது.)

இப்போதைக்கு நாங்கள் செய்வது, பையன் ரசம் சாதம் சாப்பிடுவதைப் போனில் வீடியோ எடுத்து ஓ.டி.க்கு அனுப்புவது. அவர் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி அனுப்புகிறார். அந்தக் கால் மணி நேரமும் பில்லில் வருகிறது.