எலிக்கூண்டும் எண்ணெய்ப் போத்தலும்

கேள்வி: எனக்கு 41 வயது. என் அம்மாவுக்கு 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. கொழுப்பு அதிகம் ஊட்டிய எலிகளுக்கு மார்பகக் கட்டிகள் கூடுதலாக வந்ததாக என் மகள் வாசித்துச் சொன்னாள். அதனால் தேங்காய் எண்ணெயை விட்டுச் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிட்டேன். செய்தது சரியா? (வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: உங்கள் மகள் வாசித்தது உண்மைதான். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு, அந்தப் பரிசோதனைகள் காட்டியதற்கு நேர்மாறானது.

கொழுப்புக் கூடிய உணவு சுண்டெலிகளில் மார்பகக் கட்டிகளை அதிகரிக்கிறது என்பதை அமெரிக்காவில் டானன்பாம் என்ற ஆய்வாளர் 1942 இலேயே எழுதினார். பின்னர் கனடாவின் ஆய்வாளர் கென்னத் கரோல், டி.எம்.பி.ஏ. என்ற புற்றூக்கி (புற்றுநோயை உண்டாக்கும்) இரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு, வெவ்வேறு எண்ணெய்கள் கலந்த உணவை ஊட்டிப் பார்த்தார். புற்றூக்கியைக் கொடுத்த பிறகு ஊட்டிய கொழுப்பே கட்டிகளைப் பெருக்கியது. அதாவது, கொழுப்பு விதையை ஊன்றவில்லை, ஊன்றிய விதைக்கு உரமிட்டது. அந்த உரமாக வலுவாக வேலை செய்தவை சோள எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயுமே. தேங்காய் எண்ணெய் தனியே அவ்வளவாகச் செய்யவில்லை. ஆனால் 17 சதவீதத் தேங்காய் எண்ணெயோடு 3 சதவீதம் மட்டும் சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தபோது, 20 சதவீதமும் சூரியகாந்தி எண்ணெயாகக் கொடுத்ததற்கு ஈடாகக் கட்டிகள் வந்தன. சூரியகாந்தி எண்ணெயில் நிறையவும் தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவாகவும் உள்ள லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஓரளவு இருந்தால்தான் கட்டி வளர்கிறது என்பதும், அந்த அளவு எட்டியபின் மொத்தக் கொழுப்பும் கணக்கில் வருகிறது என்பதும் இதிலிருந்து விளங்கியது. லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் அரக்கிடோனிக் அமிலத்தையும், அதிலிருந்து புரொஸ்டாகிளாண்டின்கள் என்ற ஹோர்மோன் போன்ற பொருட்களையும் உருவாக்குகிறது. இவை உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டக்கூடியவை. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 அமிலங்கள் இந்த மாற்றங்களைச் செய்யும் நொதிகளுக்காகப் போட்டியிடுவதால், மீன் எண்ணெய் ஊட்டிய எலிகள் பலவற்றில் கட்டிகள் குறைந்தன.

இதைப் படித்துவிட்டு மறுபடியும் தேங்காய் எண்ணெய்க்கு ஓடிவிடாதீர்கள். அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். இதயத்துக்கு எலியின் சாட்சியம் தேவையில்லை. மேலும், அந்த எலிகள் தின்றது உணவின் எடையில் 20 சதவீதம் வரை எண்ணெய். அவற்றுக்கு முன்கூட்டியே புற்றூக்கியும் கொடுக்கப்பட்டிருந்தது. நம் சமையலறையில் நடப்பது அதுவன்று. உணவின் மொத்தக் கலோரியைக் கட்டுப்படுத்தியபோது, கொழுப்புக் கூடிய உணவைத் தின்ற எலிகளிலும் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

மனிதரில் சோதித்தபோது முடிவு இன்னும் மங்கலானது. மாதவிடாய் நின்ற 48,835 அமெரிக்கப் பெண்களில் ஒரு பகுதியினரைக் கொழுப்பைக் குறைத்து உண்ணச் செய்து, சராசரியாக எட்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2006 இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. எனினும் அது தற்செயலாக வந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாத அளவு சிறிய வேறுபாடே. லினோலெயிக் அமிலம் பெண்களில் இந்நோயைக் கூட்டுவதாகவும் நிறுவப்படவில்லை. தெளிவாக நிறுவப்பட்டது வேறொன்று: மாதவிடாய் நின்றபின் உடற்பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது, ஏனெனில் மார்பகக் கட்டிகளைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனைக் கொழுப்புத் திசுவே அப்போது உருவாக்கும் முக்கிய இடமாகிறது. ஆகவே எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்று கேளுங்கள். பொரியலைக் குறைத்து, நம் கரையில் மலிவாய்க் கிடைக்கும் சூடை மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி எண்ணெய் பற்றியதன்று, அம்மாவின் வயது பற்றியது. தாய்க்கு 44 வயதில் இந்நோய் கண்டிருந்தால், 41 வயதான மகள் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. கட்டி எதுவும் தட்டுப்படாவிட்டாலும், இந்த மாதமே சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டி, மமோகிராம் எப்போது தொடங்குவது என்று கேளுங்கள். போகும்போது அம்மாவின் பழைய கிளினிக் கொப்பியும் பயொப்சி அறிக்கையும் வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.