லப்ரடோர் குட்டியும் மாமாவின் சாரமும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். கொழும்பில் இருக்கும் என் தம்பி, பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல், இரண்டு மாதம் கழிந்த கறுப்பு லப்ரடோர் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனான். ஒரே கடி. பிள்ளைகளின் கையெல்லாம் கீறல். மாமா எழுந்து நடந்தால் அவருடைய சாரத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு தொங்குகிறது. "படலையடியில் சங்கிலி போட்டுக் கட்டு, கடித்தால் மூக்கில் ஒன்று போடு, அப்போதுதான் காவலுக்கு உதவும்" என்கிறார் மாமா. மணலில் விட்டால் சும்மா நின்றுவிட்டு, விறாந்தைச் சீமெந்துக்கு வந்துதான் சிறுநீர் கழிக்கிறது. சோறும் சொதியும் மீனும் எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்கவில்லை. எலும்பு வலுக்கக் கல்சியம் குளிசை கொடுக்கச் சொல்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்க்குட்டி ஒன்று இரத்தமாகக் கழிந்து இறந்ததால், இதையும் இழந்துவிடுவோமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ச., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள ச. அவர்களுக்கு,

இறந்துபோன குட்டியில் இருந்தே தொடங்க வேண்டும். மற்றவையெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. சிறு குட்டி சத்தியெடுத்து இரத்தமாகக் கழிந்து இறந்தது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரசை. அது மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம் வரையிலும்கூட, உயிர்ப்போடு கிடக்கும். சீமெந்துத் தரையை நன்றாகக் கழுவிய பின், குளோரீன் வெளுப்பானை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடலாம். மணல் வளவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. ஆகையால் பழைய குட்டி கிடந்த பக்கத்தை மறித்துவிட்டு, தடுப்பூசி வரிசை முடியும்வரை புதியதை வளவின் வேறொரு மூலையில் மட்டும் விடுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைக் குழப்பக்கூடும் என்பதால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியை, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிரம்பும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒன்று போட்டாயிற்று என்று நிறுத்திவிடுவது போடாததற்குச் சமம். அந்த வரிசையில் எலிக்காய்ச்சலுக்கானதும் இருக்கிறதா என்று கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். வயலும் எலியும் நெருங்கிய நம் ஊரில் அது மனிதருக்கும் தொற்றும் நோய். விசர்நோய்த் தடுப்பூசிக்கான நாளையும் அவரே சொல்வார். அதுவரை குட்டியின் பல் பிள்ளைகளின் தோலைக் கிழித்தால், வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

ஊசி முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதும் சரியல்ல. ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் ஒரு குட்டி புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போய், பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டு, கோயில் மேளம், சைக்கிள், குடை, தலையில் சுமையோடு வரும் ஆட்கள் எல்லாவற்றையும் தூரத்தில் நின்று காட்டுங்கள்.

இனி கடிக்கு வருவோம். லப்ரடோரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள். கயிற்றையும், தூண்டிலில் இருந்து நழுவிய மீனையும் தண்ணீருக்குள் பாய்ந்து கவ்விக்கொண்டு வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைக் கொண்டுபோன ஆங்கிலேயப் பிரபுக்கள், சுட்ட பறவையைச் சிதைக்காமல் தூக்கிவரும் நாயாக அவற்றைப் பெருக்கினார்கள். 1903இல் நாய் இனங்களைப் பதியும் சங்கமான இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் கவ்வுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மிருகத்திடம் போய் எதையும் கவ்வாதே என்று சொல்ல முடியாது; எதைக் கவ்வலாம், எவ்வளவு மெதுவாகக் கவ்வலாம் என்றுதான் கற்பிக்கலாம். இந்த இனத்தின் தொல்லையும் வாயில்தான் இருக்கிறது, பழக்கும் வழியும் வாயில்தான் இருக்கிறது. மூக்கில் அடித்தால் கை வரும்போது ஒதுங்கவோ அதைத் தடுத்துக் கடிக்கவோ பழகுமேயன்றி, மெதுவாகக் கவ்வப் பழகாது.

மாமாவின் சாரத்தை ஒருமுறை உற்றுக் கவனியுங்கள். அவர் அடி எடுத்து வைக்கும்போது விளிம்பு ஆடுகிறது. ஆடுவதைக் குட்டி பிடிக்கிறது. அவர் காலை உதறச் சாரம் இன்னும் ஆடுகிறது. அதற்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டு ஓடுவதும் அதே கதைதான். ஆகவே கடித்த உடனே தூணைப் போல அசையாமல் நிற்க வேண்டும். கையில் தயாராக வைத்திருக்கும் முடிச்சிட்ட பழந்துணியைத் தரையோடு இழுத்துக் காட்டினால் வாய் அதற்குத் தாவும். தாவவில்லை என்றால் பேசாமல் எழுந்து, கதவுக்கு அப்பால் அரை நிமிடம் போய் நின்றுவிட்டு வாருங்கள். இதை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தால்தான் பலன்; ஒருவர் சிரித்துக்கொண்டு இழுத்து விளையாடினால் மற்றவர்களின் பாடு வீண். பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும் பின்னேர வேளையில் கடி கூடுகிறதா என்றும் பாருங்கள். இந்த வயதுக் குட்டி நாளில் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்த குட்டிதான் வெறிபிடித்ததுபோல் கடிக்கும். அதற்குத் தேவை தண்டனை அல்ல, அமைதியான ஒரு மூலை. பாற்பற்கள் நான்காம் மாதமளவில் விழத் தொடங்கி ஆறு ஏழு மாதத்தில் எல்லாம் மாறிவிடும். அதுவரை செருப்பை உயரத்தில் வையுங்கள்.

அப்படியும் செருப்பைத் தூக்கிவிட்டால் துரத்த வேண்டாம். அவித்த மீன் துண்டொன்றை மூக்கருகே காட்டுங்கள். வாய் திறக்கும் கணத்தில் "விடு" என்று சொல்லிக் கொடுங்கள். செருப்பை எடுத்துக்கொண்டு, கடிக்கக்கூடிய வேறொன்றைத் திருப்பிக் கொடுங்கள். சில நாட்களில், பிடித்ததை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பதிலாக உங்களிடமே கொண்டுவந்து நீட்டும், ஏனென்றால் கொண்டுவருவது அதன் இரத்தத்தில் ஊறிய வேலை. பரிசு ஓரிரு விநாடிக்குள் வாயில் விழ வேண்டும். தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அந்த மீன் துண்டையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் இருந்தே எடுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு இந்த இனத்துக்கு உயிர்ப் பிரச்சினை. லப்ரடோர்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைந்திருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள்; உங்கள் குட்டி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததோ இல்லையோ, பசியை நம்பிப் போடக்கூடாது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு 48 லப்ரடோர்களை வாழ்நாள் முழுவதும் கவனித்தது. உடன்பிறப்பைவிடக் கால்பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. அதற்காகக் குட்டியைப் பட்டினி போடச் சொல்லவில்லை. நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, பிறகு மூன்று, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு என்று அளந்து வையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. சொதியை இன்றே நிறுத்துங்கள். அதில் உள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. சொக்லேட்டும், பிளம்ஸ் என்று நாம் சொல்லும் உலர்ந்த திராட்சை போட்ட கேக்கும் அதே பட்டியல்தான். மீனை முள் நீக்கி உப்பில்லாமல் அவித்துக் கொடுக்கலாம், ஆனால் சோறும் மீனும் மட்டும் ஒரு பெரிய இனக் குட்டிக்குப் போதாது. பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உணவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கல்சியம் குளிசையோ, யார் சொன்னாலும் வேண்டாம். வளர்ந்த நாயைப்போல் வேண்டாததை உறிஞ்சாமல் விடும் திறன் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு இல்லை. கூடிய கல்சியம் மூட்டையும் எலும்பையும் கோணலாக்கும், அதுவும் இடுப்பு மூட்டு நோய் இயல்பிலேயே கூடிய இந்த இனத்தில்.

சங்கிலி விடயத்தில் மாமாவின் அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அது ஊர் நாயில் பெற்ற அனுபவம். லப்ரடோர் குரைக்கும்; கள்வன் ஒரு பிஸ்கட்டோடு வந்தால் வழியும் காட்டும். படலையடியில் கட்டி வைத்தால் தெருவில் போகும் ஒவ்வொருவரையும் எட்ட முடியாமல் பார்த்து ஏங்கி, அந்த ஏக்கம் கோபமாகி, கடைசியில் கடிபடுவது உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகளாக இருக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் கட்டிய கறுப்பு நாய்க்குச் சூட்டாலேயே உயிர் போகலாம். காவல்தான் வேண்டும் என்றால் ஊர்க்குட்டி ஒன்றைக்கூட வளர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அதுதான் பொருத்தம்.

சீமெந்தில் கழிப்பது பிடிவாதம் அல்ல. சீமெந்துக் கூட்டில் பிறந்து வளர்ந்திருந்தால் அதன் பாதத்துக்குத் தெரிந்த கழிப்பிடம் சீமெந்துதான். பழைய சீமெந்துக் கல்லொன்றை மணலில் பதித்து, அதன் சிறுநீரில் நனைத்த துணியால் துடைத்து, நித்திரை விட்டெழுந்ததும் உண்டதும் விளையாடி முடிந்ததும் கழுத்துக் கயிற்றோடு அங்கே கூட்டிச் சென்று, பேசாமல் நில்லுங்கள். கழித்த இடத்திலேயே பரிசு கொடுங்கள், உள்ளே வந்த பிறகு அல்ல. பழகியதும் கல்லின்மேல் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மணலைத் தூவிவந்தால், கடைசியில் கல்லையே எடுத்துவிடலாம். இரண்டு மாதக் குட்டிக்கு அடக்க முடிவது இரண்டு மூன்று மணி நேரம்தான், ஆகையால் இரவில் ஒருமுறையாவது யாராவது எழும்ப வேண்டும். விறாந்தையை அமோனியா மணக்கும் திரவத்தால் கழுவாதீர்கள், அது குட்டிக்குச் சிறுநீர்போலவே மணக்கும். வினாகிரி கலந்த தண்ணீர் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வளர்ந்ததும் இது தண்ணீரைக் கண்டால் நிற்காது. வாவியில் முதலை உண்டு. "வா" என்ற ஒரு சொல்லுக்குத் திரும்பி வருவதை இப்போதே வளவுக்குள் பழக்குங்கள், அதற்கு மட்டும் எப்போதும் மிக நல்ல துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்