மனமில்லாமல் போனால் மாய்மாலமா?

கேள்வி: அப்பா இறந்ததும் அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். போய்ப் பார் என்று கர்த்தர் உணர்த்துகிறார். எனக்குத் துளியும் மனமில்லை. மனமில்லாமல் போய் நிற்பது மாய்மாலம் அல்லவா?
- ஒரு சகோதரி, நாசரேத்

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லாத பாசத்தை இருப்பதாகக் காட்டினால்தான் மாய்மாலம். "எனக்குப் பிடிக்கவில்லை ஆண்டவரே, நீர் சொன்னதால் போகிறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போங்கள். மத்தேயு 21-ல், திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்ன தகப்பனிடம் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்ற மகன்தான் பிறகு மனம் மாறிப் போனான். "போகிறேன் ஐயா" என்றவன் போகவில்லை.

நினிவே பட்டணத்தாரிடம் போய் எச்சரிக்கும்படி கர்த்தர் அனுப்பிய தீர்க்கதரிசி யோனா, பயந்து ஓடினார் என்றுதான் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தோம். ஆனால் 4-ம் அதிகாரத்தில் அவரே காரணம் சொல்கிறார்: நீர் இரக்கமுள்ள தேவன், அவர்களையும் விட்டுவிடுவீர் என்று தெரியும், அதனால்தான் ஓடினேன். நினிவே, இஸ்ரவேலை நடுங்கவைத்த அசீரியரின் பட்டணம். அது தப்பிவிடக்கூடாது என்பதே அவர் ஆதங்கம். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது அந்த ஆதங்கம்தான் எனக்குக் கேட்டது. நான் போய் நின்றால் அண்ணன் செய்தது ஒன்றுமே இல்லை என்றாகிவிடுமே என்கிறீர்கள். அந்த வலி நியாயமானது. முணுமுணுத்துக்கொண்டே போன யோனாவைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. ஆமணக்குச் செடியை முளைக்கவைத்து நிழல் கொடுத்தார், அதை வாடவும் விட்டார், அப்புறம் பொறுமையாகப் பேசினார். நம் ஆண்டவர் இயேசுவே, சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில், பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி மூன்று முறை ஜெபித்தார். மனம் வந்த பிறகுதான் கீழ்ப்படிய வேண்டும் என்றால், நம்மில் யாரும் கீழ்ப்படிய முடியாது.

சரி, வீட்டு விஷயம். அண்ணனைப் பார்க்கப் போவது வேறு, பங்கை விட்டுக்கொடுப்பது வேறு. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில், தாயின் பங்கு போக மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை என்கிறது 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வக்கீலைப் பாருங்கள். அதில் பாவம் எதுவும் இல்லை. கட்டிலருகே மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம்.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பக்கவாதத்தில் கேட்க நினைத்தாலும் நாக்கு புரளாமல் போகலாம். அரை மணி நேரம் இருந்தால் போதும். அழுகை வராவிட்டாலும் பரவாயில்லை. அண்ணி ராவும் பகலும் பார்த்துக் களைத்திருப்பார், அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.