படத்தை முந்தும் இசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாடல்களுக்கு இசையமைத்து, மிக்ஸிங்கும் நானே செய்துவருகிறேன். முதன்முறையாக 20 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குப் பின்னணி இசை கொடுத்தேன். என் கணினியில் கச்சிதமாகப் பொருந்தியது. இறுதிப் படத்தில் சேர்த்தால் போகப் போக இசை முந்திக்கொள்கிறது. கடைசிக் காட்சியில் ஒரு வினாடிக்கு மேல் முன்னால் போய்விடுகிறது. எடிட்டர் என்னைச் சொல்கிறார், நான் அவரைச் சொல்கிறேன்.

பதில்: ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு விலகியிருந்தால் கோப்பை வைத்த இடம் தவறு. போகப் போக விலகினால் வேகம் தவறு. உங்களுக்கு வந்த பிரதி வினாடிக்கு 24 பிரேம் ஓட, இறுதிப் படம் 23.976 பிரேமில் ஓடுகிறது என்றே தோன்றுகிறது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் 20 நிமிடம் என்பது 1,200 வினாடி. அதில் ஆயிரத்தில் ஒன்று 1.2 வினாடி. முழுப் படத்துக்கும் ஒரே கோப்பாகக் கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் பிழை சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. இரண்டு வீடியோக்களிலும் பிரேம்களின் மொத்த எண்ணிக்கை ஒன்றாக இருந்து, ஓடும் நேரம் மட்டும் வேறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மறுபடி இசையமைக்கத் தேவையில்லை. 1000 வினாடி 1001 வினாடியாகும் விகிதத்தில் கோப்பை நீட்டிவிடுங்கள். சுருதி அரைச்சுரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இறங்காது. எந்தக் காதுக்கும் தெரியாது.

இதைப் போலவே இன்னொன்று: பாடல் வேலைப் பழக்கத்தில் 44.1 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிந்தது) கொடுத்த கோப்பை, 48-ல் இயங்கும் படக்கோப்பு சில சமயம் மாற்றாமல் அப்படியே வாசித்துவிடும். அப்போது வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறும். முதல் நிமிடத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இதை மன்னிக்கலாம். 24-க்கும் 23.976-க்கும் உள்ள சிக்கல்தான் கடைசிவரை ஒளிந்திருந்து கழுத்தறுக்கும்.

அடுத்த படத்தில் ஒரு சுரம் வாசிக்கும் முன்பே எடிட்டரிடம் கேட்டு வாங்குங்கள்: பிரேம் வேகம் என்ன என்று எழுத்தில், படத்தின் மேலேயே ஓடும் டைம்கோடு (மணி, நிமிடம், வினாடி, பிரேம் காட்டும் எண்), தனியாகப் பிரித்த வசன டிராக். படம் தொடங்குவதற்குச் சரியாக 2 வினாடி முன்னால், ஒரு பிரேம் நீளத்துக்கு 1,000 ஹெர்ட்ஸ் ‘பீப்’ ஒன்று. படத்தின் முடிவிலும் ஒன்று. உங்கள் கோப்பிலும் அதே இடங்களில் வையுங்கள். முன் பீப் சேர்ந்து, பின் பீப் பிரிந்து கேட்டால் வேகம் பிசகியிருக்கிறது. பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

கேள்வி: கதவு அறையும் இடத்தில் தாளம் சரியாக விழ வேண்டும். டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இசை தொடங்கும் இடத்திலிருந்து கதவு வரை எத்தனை வினாடி, அதற்குள் எத்தனை அடிகள் என்று முடிவுசெய்யுங்கள். அடிகளை 60-ஆல் பெருக்கி வினாடிகளால் வகுத்தால் டெம்போ. கதவு 17.3 வினாடியில் விழுகிறது, நான்கு அடி கொண்ட எட்டு சுற்று முடிந்து ஒன்பதாவது சுற்றின் முதல் அடி அங்கே வரவேண்டும் என்றால், 32 × 60 ÷ 17.3 = 110.98. இதை 112 என்று வைத்தால் தாளம் ஏறக்குறைய நான்கு பிரேம் முன்னால் விழும். கதவு மூடும் முன்பே இசை திடுக்கிடுவது பார்ப்பவருக்குச் சிரிப்பைத்தான் தரும். இரண்டு பிரேம் பிந்தினால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. எல்லாக் கதவுக்கும் அடிக்காதீர்கள். கார்ட்டூனில் அது அழகு.

கேள்வி: ஸ்டெம்களாக, அதாவது டிரம், தந்தி என்று தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துக் கேட்டார்கள், கொடுத்தேன். ஆனால் அவற்றைச் சேர்த்தால் என் மிக்ஸ் மாதிரி இல்லை என்கிறார்கள்.

பதில்: மாஸ்டரில் (எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் கடைசித் தடத்தில்) உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரோ லிமிட்டரோ போட்டிருப்பீர்கள். முழு மிக்ஸில் டிரம் அடிக்கும்போதெல்லாம் அது தந்திகளையும் சேர்த்து அமுக்கியது. தந்தி ஸ்டெமைத் தனியாக எடுத்தபோது அமுக்க ஆளில்லை. மாஸ்டரைக் காலியாக்கி, அந்த வேலையை ஒவ்வொரு ஸ்டெமுக்குள்ளும் செய்யுங்கள். ரிவெர்ப்பும் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) ஸ்டெமுக்கு ஒன்று தனித்தனியாக இருக்கட்டும். அனுப்பும் முன் ஸ்டெம்கள் அனைத்தையும் அடுக்கி, முழு மிக்ஸின் போலாரிட்டியை, அதாவது ஒலியலையின் மேடு பள்ளங்களைத் தலைகீழாக்கிச் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அழித்து நிசப்தம் வந்தால் சரி. ஏதாவது கேட்டால், கேட்பது எதுவோ அந்த ஸ்டெமில்தான் கோளாறு.

வசனம் வரும் இடங்களில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மெய்யெழுத்துகளின் இடம். அங்கே புல்லாங்குழல் துள்ளினால் மொத்த இசையையும் இறக்கிவிடுவார்கள். ஈக்யூவில் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டுவதைவிட, மெட்டைக் கீழ் ஸ்தாயிக்கு மாற்றி நீண்ட சுரங்களாக எழுதுவது பலன் தரும்.

கேள்வி: மொத்தத் தொகை பேசி ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: மொத்தத் தொகை என்றால் வாத்தியக்காரர், ஸ்டுடியோ, மிக்ஸிங் எல்லாம் உங்கள் பையிலிருந்துதான். அவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதே சம்பளம். முதலில் அதைக் கணக்கிடுங்கள். எத்தனை முறை திருத்தம், எடிட்டிங் முடிந்தது என்று சொன்னபின் காட்சி மாறினால் கூடுதல் எவ்வளவு, இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒளிபரப்பு ராயல்டிக்கு க்யூ ஷீட் வேண்டும்: ஒவ்வொரு இசைத்துண்டின் பெயர், நீளம், இசையமைத்தவர், உரிமையாளர், பின்னணியா காட்சிக்குள் ஒலிப்பதா என்ற விவரம். தயாரிப்பாளர் தருவார் என்று காத்திருக்காமல் நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.